கொழும்புக் குழாய்த் தண்ணீரில் மீன் தொட்டி: மீன் விடுவதற்கு முன்

கொழும்பில் மீன் வளர்க்க ஹீட்டர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். வெப்பமண்டல மீன்கள் கேட்கும் 24 முதல் 28 பாகை வெப்பம் இங்கே பெரும்பாலும் சும்மாவே கிடைக்கிறது; இரவு முழுக்க ஏசி ஓடும் அறை மட்டும் விதிவிலக்கு. கவனிக்க வேண்டியவை குளோரின், அமோனியா, தண்ணீரின் மென்மை. 60×30×36 சென்ரிமீற்றர் தொட்டியை வைத்து அளவுகளைத் தருகிறோம். சரளை போட்டபின் அதில் சுமார் 55 லீற்றர் நிற்கும்.

1. குளோரினை எடுங்கள்

குளோரின் மீனின் செவுளை அரிக்கும், வடிகட்டியில் வளரும் பாக்டீரியாவையும் கொல்லும். திறந்த வாளியில் பிடித்து, காற்றுக்கல் (காற்றுப் பம்பில் மாட்டினால் குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மூடி போட்டால் போகாது. அவசரமென்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தை, போத்தலில் எழுதியிருக்கும் அளவுப்படி விடுங்கள்.

2. மீனில்லாமல் ஓட விடுங்கள்

வடிகட்டியைப் போட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் தீனி தூவுங்கள். அது அழுகி அமோனியா வரும். ஒருவகைப் பாக்டீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொன்று அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் நஞ்சு. திரவச் சோதனைப் பெட்டியில் இரண்டும் பூச்சியம் காட்டி, நைத்திரேற்று ஏறியிருந்தால் தொட்டி தயார். 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இடையில் தண்ணீர் பால்போல் கலங்கினால் பயந்து கொட்டிவிடாதீர்கள், தானாகத் தெளியும்.

முதலில் ஐந்தாறு சிறிய மீன் போதும். கடைக்காரர் இருபது பிடித்துத் தருவார், வாங்காதீர்கள்.

3. மென்மையைப் பாருங்கள்

கொழும்புக் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அதாவது கரைந்த தாதுக்கள் குறைவு. நியோன் டெட்ரா, ஏஞ்சல், குராமிக்கு நல்லது. மோலிக்கு ஆகாது: நீந்தாமல் ஓரிடத்தில் நின்று உடம்பை ஆட்டிக்கொண்டே இருக்கும். கப்பியும் கடினமான தண்ணீரையே விரும்பும். இந்த இரண்டுக்கும் வடிகட்டிக்குள் ஒரு கைப்பிடி கழுவிய சிப்பி ஓடு போடுங்கள்.

பெரிய ஆபத்து கார்பனேற்றுக் கடினம், அதாவது கேஎச், குறைவாக இருப்பதுதான். பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகும். அதைத் தாங்க கேஎச் இல்லையென்றால் பிஎச் சரியும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாவும் சோர்ந்துவிடும். கழிவு, அமோனியாவின் நஞ்சு குறைந்த வடிவமான அமோனியமாகத் தேங்கி நிற்கும், அந்த பிஎச்சில் பெரிதாகக் கெடுக்காது. ‘தொட்டி அழுக்காய்க் கிடக்கிறதே’ என்று ஒரே நாளில் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றினால் பிஎச் ஏறி, அமோனியம் நச்சு அமோனியாவாகும். அன்றிரவே மீன் சாகும். பழி குழாய்த் தண்ணீருக்கு.

கேஎச் 3 பாகைக்குக் (இது கடினத்தின் அலகு, வெப்பமல்ல) குறைந்தால், 55 லீற்றருக்கு ஒன்றரை கிராம் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். ஒரு நாளில் அதற்குமேல் வேண்டாம். பிஎச் 6.5-க்கும் 7.5-க்கும் இடையில் ஆடாமல் நின்றால் போதும், 7.0-க்காக மருந்து ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

4. சூட்டு மாதங்களில்

25 பாகையில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலாகக் கரையும் ஒட்சிசன், 30 பாகையில் 7.5 அளவுக்கு இறங்கிவிடும். மீன் மேற்பரப்பில் வாயைப் பிளந்தால் முதலில் காற்றுக்கல்லைக் கூட்டுங்கள், தீனியைக் குறையுங்கள். கரண்ட் போகும் இடமென்றால் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று அவசியம்.

5. வாராவாரம்

கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், நைத்திரேற்று 40 பிபிஎம்மை (லீற்றருக்கு 40 மில்லிகிராம்) தாண்டக்கூடாது. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த அதே தண்ணீரில் பிழியுங்கள்.