எந்த வட்டி என்று கேட்காமல் எழுதாதீர்கள்

தேர்தல் நெருங்கினால் மதுரையில் கள ஆய்வுக்குப் புதுப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கல்லூரி முடித்த கையோடு கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு செல்லூர், அவனியாபுரம், மேலூர் என்று சுற்றுவார்கள். அவர்கள் எழுதிக்கொண்டு வருவதைப் படித்துத் திருத்துவது என் வேலை. வட்டி, வாக்குறுதி, ஓட்டு மூன்றையும் அவர்கள் முடிச்சுப் போடுகிற விதத்தைப் பார்த்தால், என் பழைய நோட்டுகளை யாரோ காப்பியடித்தது போலவே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த கணிப்பை நம்பாதே, ஒரே தெருவில் எல்லோரையும் கேட்டுவிட்டுத் தொகுதி முழுக்கச் சுற்றியதாக எழுதாதே என்பதெல்லாம் இங்கே வராது. அதுகூடத் தெரியாதவர்களுக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன.

ரெப்போ விகிதத்தை வைத்து ஓட்டை அளப்பது

வருடங்கள் ஓடியும் என் எரிச்சல் அடங்காத தவறு இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வழக்கமாக ஒரு வரைபடம் வரும். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கிற வட்டி, ஒரு கோடு; ஆளுங்கட்சி வாங்கிய ஓட்டு இன்னொரு கோடு. வட்டி ஏறினால் ஆளுங்கட்சிக்கு அடி, இறங்கினால் லாபம் என்று கீழே ஒரு வரி. 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5-க்கு வந்து அங்கேயே நின்றது. அந்த வட்டியில்தான் 2024 மக்களவைத் தேர்தல் நடந்தது. பாஜக 303-லிருந்து 240-க்கு இறங்கியது. "பாருங்க சார், பொருந்துது" என்று பையன் காட்டுவான்.

சரி, அதே 6.5 சதவீதத்தில்தான் 2024 நவம்பரில் மகாராஷ்டிரத் தேர்தலும் நடந்தது. அங்கே பாஜக கூட்டணிக்குப் பெரிய வெற்றி. இடையில் அந்த மாநிலப் பெண்களின் கணக்கில் மாதம் 1,500 ரூபாய் விழ ஆரம்பித்திருந்தது. அதற்கு அடுத்து 2025 டெல்லித் தேர்தலை எடுத்துக்கொண்டு, வட்டிக் குறைப்புதான் பாஜகவைக் கரை சேர்த்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். டெல்லியில் வாக்குப்பதிவு பிப்ரவரி 5. ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது பிப்ரவரி 7. தேதியைக்கூடப் பார்க்காமல் எழுதினால் என்ன செய்வது?

தேதியை விடவும் முக்கியமான கேள்வி, ரெப்போ குறைந்தால் அது மதுரையில் யார் வீட்டுக்கு வந்து சேர்கிறது என்பது. வீட்டுக் கடன் வாங்கியவர் வீட்டுக்கு வரும். 20 லட்ச ரூபாய், 20 வருடக் கடன், வட்டி 8.5-லிருந்து 8.25 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணையில் 300 ரூபாய் சொச்சம் குறையும். அதுவும் பெரும்பாலும் வங்கிகள் தவணையை அப்படியே விட்டுவிட்டு, கடன் முடியும் காலத்தைத்தான் சுருக்கும். கே.கே.நகரில் இருக்கிற வங்கி அதிகாரிக்கே குறைந்தது தெரியாது. அவர் எங்கே அதை நினைத்துக்கொண்டு பூத்துக்குப் போவார்?

இப்போது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வாருங்கள். இங்கே வட்டியை வருடக் கணக்கில் யாரும் சொல்வதில்லை. ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். பத்து வட்டி என்றால் 120 சதவீதம். காலையில் கையில் பிடித்தம் போக வாங்கி, சாயங்காலம் முழுசாகத் திருப்பிக் கொடுக்கிற கடனும் உண்டு. அதைச் சதவீதமாக மாற்றினால் கால்குலேட்டரே வெட்கப்படும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிற சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது. வட்டி தெருவில் அப்படியேதான் இருக்கிறது. இதற்கு நடுவில் ரிசர்வ் வங்கி கால் சதவீதம் குறைத்ததை ஒரு பூக்கார அம்மாவிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஒரு தேர்தலில் ஒரு நிறுவனத்துக்காக மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளிலும் ஆய்வு நடந்தது. கேள்வித்தாள் வெளியூரிலிருந்து அச்சாகி வந்தது. அதில் பதினான்காவது கேள்வி: "வட்டி விகித மாற்றத்தால் உங்கள் குடும்பம் பயனடைந்ததா? ஆம் / இல்லை." மேலூர் பக்கம் ஒரு அம்மா நம் பையனைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். "எந்த வட்டியக் கேக்குறீக தம்பி? குழு வட்டியா, நகை வட்டியா, இல்ல நாங்க அஞ்சலகத்துல போட்டதுக்கு வர்ற வட்டியா?" பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு 'இல்லை' என்பதில் டிக் அடித்துவிட்டான். நடந்ததை என்னிடம் மறைக்காமல் சொன்னானே, அதுவரைக்கும் நல்லது. மற்றவர்கள் என்ன வட்டியை நினைத்துக்கொண்டு டிக் அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அறிக்கையில் அந்தக் கேள்வியை வைத்து ஒரு முழு அத்தியாயமே எழுதியிருந்தார்கள். வேட்பாளர் ஒருவர் அதை நம்பி, வட்டிக் குறைப்பைப் புகழ்ந்து வார்டு வார்டாக நோட்டீஸ் அடித்தார். அச்சுக்கூலிதான் மிச்சம். ஆய்வுக்கு ஆன பணமும் போச்சு. அந்த அறிக்கை இன்னும் எங்கோ மேற்கோளாக வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அந்த அம்மா சொன்னதில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கதை. பெண்கள் குழுவாகச் சேர்ந்து நுண்கடன் நிறுவனங்களிடம் வாங்குகிற குழுக் கடனில் வட்டி 20 சதவீதத்துக்கு மேல் போகும். 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. ஆனால் அங்கே கோபம் வட்டி மேல் வருவதை விட, வாரக் கட்டு தவறினால் வீட்டு வாசலில் வந்து உட்காருகிற ஆள் மேல் வருவதே அதிகம்.

நகைக் கடனில் விஷயம் வேறு. 2025-ல் பல வங்கிகள், வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிற பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, அசலோடு முழுசாகக் கட்டி மீட்டால்தான் மறுபடி அடகு என்றன. அந்த ஒரு நாள் பணத்துக்கு வெளியே கைமாற்று வாங்க வேண்டும், அதற்குத் தனி வட்டி. அப்புறம் ரிசர்வ் வங்கியின் புது நகைக்கடன் வரைவு வந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த சத்தம் எல்லோருக்கும் நினைவிருக்கும். முதலமைச்சரே ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் மாதம் இறுதி விதிகள் வந்தபோது, இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று தளர்த்தினார்கள். அதே மாதம் ரெப்போவும் அரை சதவீதம் குறைந்தது. அதைப் பற்றி யாராவது நகைக்கடைகள் நிறைந்த தெற்காவணி மூல வீதியில் பேசி நான் கேட்கவில்லை.

கடைசியாக அஞ்சலக வட்டி. கடன் வாங்கியவருக்கு வட்டி குறைந்தால் சந்தோஷம், போட்டு வைத்தவருக்கு அதே சேதி துக்கம். அரசியல்வாதிகளுக்கு இது நன்றாகவே தெரியும். 2021 மார்ச் 31 இரவு, ஒன்றிய அரசு சிறுசேமிப்பு வட்டியைக் குறைத்து அறிவித்தது. பொது வருங்கால வைப்பு நிதிக்கு 7.1-லிருந்து 6.4. மறுநாள் காலையிலேயே, கவனப்பிசகாக வெளியாகிவிட்டது என்று நிதியமைச்சர் வாபஸ் வாங்கினார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. மேற்கு வங்கத்தில் தேர்தல் பாதியில் இருந்தது. வட்டிக்கும் ஓட்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஓர் இரவைத்தான். ஆனால் இது ரெப்போ வரைபடத்தில் எங்கேயும் தெரியாது.

2004 மக்களவைத் தேர்தலையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். வீட்டுக் கடன் மலிந்த காலம், வளர்ச்சி 8 சதவீதம், 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரம். அதே வாஜ்பாய் ஆட்சியில் பொது வருங்கால வைப்பு நிதி வட்டி 12-லிருந்து 8-க்கு இறங்கியிருந்தது. தோல்விக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வாஜ்பாய் அரசு தோற்றதற்கு வறட்சி, கூட்டணி என்று பல காரணங்கள் உண்டு. தமிழ்நாட்டில் 39 தொகுதிகளும் திமுக அணிக்கே போயின. வட்டி குறைந்தால் ஆளுங்கட்சிக்கு லாபம் என்ற சூத்திரம் அங்கே எடுபடவில்லை என்பது மட்டும்தான் நான் சொல்வது.

ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். எங்கே கடன் வாங்கினீர்கள், எவ்வளவு வட்டி என்று அவர்கள் பாஷையிலேயே, எங்காவது பணம் போட்டிருக்கிறீர்களா, போன தேர்தலுக்குப் பிறகு இதில் எது மாறியது. பதில் வர நேரம் ஆகும். ஆகட்டும்.

பெரிய தொகை சொன்னவர் ஜெயிப்பார் என்று நினைப்பது

2021-ல் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது திமுக. அதிமுக 1,500 என்றது, வருடத்துக்கு ஆறு சிலிண்டர், வாஷிங் மெஷின் வேறு. போதாததற்கு ஆட்சியில் இருந்தபோதே, பிப்ரவரியில், 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. தேர்தல் தேதி அறிவித்த பிப்ரவரி 26 அன்று, சில மணி நேரம் முன்னதாக, 6 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியையும் அறிவித்தது. திமுக சொன்னது 5 சவரன்தான். முடிவில் திமுக அணிக்கு 159, அதிமுக அணிக்கு 75.

மதுரை மாவட்டத்தில் ஆளுக்கு ஐந்து. அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு மதுரை மேற்கில் தப்பித்தார். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி அதிமுகவுக்கு. உடனே "பயிர்க்கடன் தள்ளுபடி கிராமத்தில் வேலை செய்தது" என்று எழுதத் தோன்றும். அப்படியென்றால் நெல் விளைகிற தஞ்சாவூர் மாவட்டத்தின் எட்டில் ஒன்றும், திருவாரூரின் நான்கில் ஒன்றும்தானே அதிமுகவுக்குக் கிடைத்தன? பத்து வருடம் ஆண்ட கட்சி கடைசி மாதத்தில் கொடுப்பதை ஜனங்கள் வாங்கிக்கொள்வார்கள். அதற்காக நன்றிக்கடன் பட்டதாக நினைக்க மாட்டார்கள்.

அறிவித்த நாளோடு கணக்கை மூடுவது

வாக்குறுதியின் அரசியல், தகுதிப் பட்டியல் ஒட்டப்படும் நாளில்தான் ஆரம்பிக்கிறது. திமுக அரசின் நகைக்கடன் தள்ளுபடிக்கு நிபந்தனைகள் வந்தபோது, சுமார் 48 லட்சம் கடன்களில் 13 லட்சத்துக்குத்தான் தகுதி என்று ஆனது. கூட்டுறவு வங்கி வாசலில் அந்தக் காலத்தில் கேட்ட பேச்சை இங்கே அச்சிட முடியாது. மாதம் 1,000 ரூபாயும் 2023 செப்டம்பர் 15-ல்தான் தொடங்கியது, ஆட்சிக்கு வந்து இரண்டு வருடம் தாண்டி. முதலில் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு. கிடைத்தவர் ஒரு வீடு, கிடைக்காதவர் பக்கத்து வீடு. நீங்கள் இரண்டு கதவையும் தட்ட வேண்டும்.

ஆனால் அந்தக் கோபத்தை வைத்து அடுத்த தேர்தலை எழுதிவிடாதீர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் அதே கூட்டணி 39-ஐயும் அள்ளியது. மதுரையில் சு.வெங்கடேசன் மறுபடி ஜெயித்தார். டெல்லிக்கு ஓட்டுப் போடும்போது ஜனங்கள் பார்க்கிற கணக்கு வேறு.

பங்குச் சந்தையை மேற்கோள் காட்டுவது

நெல்பேட்டையில் போய் நிஃப்டி என்று சொல்லிப் பாருங்கள்.

ரெப்போவை முடிவு செய்வது யார் என்று தெரியாமல் எழுதுவது

2016 முதல் ஆறு பேர் குழு. மூவர் ரிசர்வ் வங்கி, மூவர் ஒன்றிய அரசு நியமிப்பவர்கள். மாநில அரசுக்கு இதில் ஒரு ஓட்டும் கிடையாது.

தள்ளுபடியையும் திருமங்கலத்தையும் ஒன்றாகப் பேசுவது

வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் மதுரைக்கு வந்து இறங்கியதும் முதலில் கேட்பது 2009 திருமங்கலம் இடைத்தேர்தலைத்தான். கவருக்குள் வைத்துக் கொடுத்த பணமும், அரசாணை போட்டு வருகிற தள்ளுபடியும் ஒன்று என்று எழுதிவிட்டுப் போவார்கள். கவரை இரண்டு கட்சியிடமும் வாங்கிக்கொள்ளலாம், அதோடு கணக்கு தீர்ந்தது. தள்ளுபடியில் பெயர் விட்டுப் போனால் ஐந்து வருடத்துக்கு ஒரு கட்சியின் மேல் வழக்கு இருக்கும். கவர் கொடுத்து ஜெயிக்கிற அந்த 'திருமங்கலம் ஃபார்முலா' ஊர் முழுக்கப் பேசப்பட்டும், 2011-ல் அப்போது ஆண்ட திமுகவுக்கு ஒன்றுகூட மிஞ்சாமல் மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளையும் அதிமுக அணி வாரிக்கொண்டு போனது. அப்போது ஜனங்கள் பேசியது மின்வெட்டைத்தான்.