ஃபங்ஷனல் ரியாக்டிவ் முறையில் ஒரு டைமர் செயலி: முதல் அடியிலிருந்து

திரையில் ஒரு லேபிள் தவறான எண்ணைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை மாற்றியது யார்? வழக்கமான முறையில் எழுதிய செயலியில் இதற்கு விடை தேட, நிரல் முழுவதும் அலைய வேண்டும். பட்டனின் கால்பேக் (ஏதாவது நடந்ததும் கூப்பிடப்படும் ஃபங்ஷன்) மாற்றியிருக்கலாம், டைமரின் கால்பேக் மாற்றியிருக்கலாம், சர்வரிலிருந்து பதில் வந்ததும் ஓடும் ஃபங்ஷன் மாற்றியிருக்கலாம். இவை எந்த வரிசையில் ஓடின என்பதைப் பொறுத்தும் விடை மாறும்.

ஃபங்ஷனல் ரியாக்டிவ் புரோகிராமிங், சுருக்கமாக எஃப்ஆர்பி, இந்தத் தேடலையே இல்லாமல் செய்கிறது. ஒரு மதிப்பு எதனாலெல்லாம் மாறும் என்பதை அந்த மதிப்பின் வரையறையிலேயே எழுதிவிட வேண்டும். வேறெங்கிருந்தும் அதைத் தொட முடியாது. இந்த முறை எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான். மற்ற நன்மைகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

கோனல் எலியட்டும் பால் ஹுடாக்கும் அனிமேஷன் எழுதுவதற்காக ஹாஸ்கெல் மொழியில் உருவாக்கிய ஃபிரான் என்ற லைப்ரரியை 1997-இல் ஒரு கட்டுரையில் விவரித்தார்கள். எஃப்ஆர்பி அங்கிருந்து தொடங்குகிறது. அதில் அடிப்படையாக இருந்தவை இரண்டே: எந்த நேரத்தில் கேட்டாலும் ஒரு மதிப்பைத் தரும் பிஹேவியர், சில கணங்களில் மட்டும் நிகழும் இவென்ட். பின்னால் வந்த சோடியம் லைப்ரரி இவற்றையே செல், ஸ்ட்ரீம் என்கிறது. நானும் இங்கே செல், ஸ்ட்ரீம் என்றே எழுதுகிறேன். மவுஸ் இருக்கும் இடம் ஒரு செல். மவுஸ் கிளிக்குகள் ஒரு ஸ்ட்ரீம். "இப்போது என்ன மதிப்பு?" என்று கேட்டால் பொருள் இருக்கிறதா? இருந்தால் செல், இல்லையென்றால் ஸ்ட்ரீம்.

கீழே வரும் நிரல் துண்டுகள் குறிப்பிட்ட எந்த மொழியையும் சேர்ந்தவை அல்ல. இவற்றில் |> முன்னால் இருப்பதைப் பின்னால் வரும் கருவிக்குக் கொடுக்கிறது, -> ஒரு சின்ன ஃபங்ஷனை எழுதுகிறது, <- வரும் மதிப்பைத் திரையின் ஒரு பகுதியோடு கட்டுகிறது. நீங்கள் எடுக்கும் லைப்ரரியின் பெயர்களுக்கு இவற்றை எளிதாக மாற்றிக்கொள்ளலாம்.

என்ன கட்டப்போகிறோம்

இடைமுகம் எழுதும் முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்கன் கிஸ் தொகுத்த 7ஜியூஐஸ் என்ற ஏழு பயிற்சிகள் உண்டு. அவற்றில் ஒன்றான டைமரை எடுத்துக்கொள்வோம். கடந்த நேரத்தைக் காட்டும் ஒரு பட்டை, அதே நேரத்தை விநாடியில் காட்டும் லேபிள், மொத்தக் கால அளவை மாற்றும் ஸ்லைடர், ரீசெட் பட்டன், அவ்வளவுதான். கால அளவை எட்டியதும் டைமர் நிற்க வேண்டும். நின்ற பிறகு ஸ்லைடரை நகர்த்திக் கால அளவைக் கூட்டினால், மறுபடி ஓட வேண்டும். கால்பேக்குகளால் எழுதும்போது பலரும் கோட்டைவிடும் இடம் இந்தக் கடைசி நிபந்தனைதான்.

படி 1: உள்ளே வருபவை, வெளியே போகிறவை

எதையும் எழுதும் முன் இதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

```
உள்ளே:
  டிக்          : ஸ்ட்ரீம் (மில்லிவிநாடி)
  ரீசெட்.கிளிக்   : ஸ்ட்ரீம்
  ஸ்லைடர்.மதிப்பு : செல் (மில்லிவிநாடி)

வெளியே:
  பட்டை.நிரப்பு   : செல் (0 முதல் 1 வரை)
  லேபிள்.எழுத்து  : செல்
```

டிக் என்பது கடிகாரத்தின் ஒரு துடிப்பு. ஒவ்வொரு டிக்கும், முந்தைய டிக்குக்குப் பிறகு உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்ற எண்ணைச் சுமந்து வரட்டும். ஒவ்வொரு முறையும் 100 மில்லிவிநாடி என்று நாமே கூட்டிவிடக் கூடாது. 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கூப்பிடு என்று பிரவுசரிடம் சொன்னாலும் அது சரியாக 100-க்கு வராது. பின்னணிக்குப் போன டேபில் இடைவெளி பெரும்பாலும் ஒரு விநாடியாகிவிடும். மாறாத எண்ணைக் கூட்டினால் கடிகாரம் பின்தங்கிவிடும்.

படி 2: கை பழகுவதற்கு ஒரு எண்ணி

டைமருக்கு முன், கூட்டல் பட்டனும் கழித்தல் பட்டனும் உள்ள சின்ன எண்ணி ஒன்றைப் பார்த்துவிடுவோம்.

```
கூட்டு = கூட்டல்.கிளிக் |> மேப்(_ -> 1)
குறை  = கழித்தல்.கிளிக் |> மேப்(_ -> -1)
மாற்றம் = மெர்ஜ்(கூட்டு, குறை, (அ, ஆ) -> அ + ஆ)

எண்ணிக்கை = மாற்றம்
  |> ஸ்னாப்ஷாட்(எண்ணிக்கை, (மா, பழையது) -> பழையது + மா)
  |> ஹோல்ட்(0)
```

மேப், ஸ்ட்ரீமில் வரும் ஒவ்வொன்றையும் வேறொன்றாக மாற்றுகிறது. மெர்ஜ் இரண்டு ஸ்ட்ரீம்களை ஒன்றாக்குகிறது. இரண்டும் ஒரே கணத்தில் வந்தால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறோம். ஸ்னாப்ஷாட், நிகழ்வு வரும் கணத்தில் ஒரு செல்லின் மதிப்பை எட்டிப்பார்க்கிறது. ஹோல்ட், கடைசியாக வந்ததைப் பிடித்துவைத்து ஸ்ட்ரீமைச் செல்லாக்குகிறது.

எண்ணிக்கை தன் வரையறைக்குள் தன்னையே பயன்படுத்துகிறது, கவனித்தீர்களா? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது முடிவில்லாத சுழற்சி போலத் தெரியும். சுழற்சி ஆகாததற்குக் காரணம் ஹோல்ட். ஒரு நிகழ்வு நடக்கும் கணத்தில் ஸ்னாப்ஷாட் பார்ப்பது அந்தக் கணத்துக்கு முந்தைய மதிப்பை. புதிய மதிப்பு அந்தக் கணம் முடிந்த பிறகே வெளியே தெரியும். அதனால் "புதியது = பழையது + மாற்றம்" என்று தெளிவாக நிற்கிறது. இந்த ஒரு விதியை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். கீழே டைமர் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

இப்படித் திரட்டுவது அடிக்கடி தேவைப்படுவதால், பெரும்பாலான லைப்ரரிகளில் அதற்கென்றே ஒரு கருவி இருக்கும். அக்கும் என்றோ ஸ்கேன் என்றோ பெயர் பார்ப்பீர்கள்.

படி 3: கடந்த நேரம்

டைமரில் கடந்த நேரத்தை இரண்டு விஷயங்கள் மாற்றுகின்றன. டிக் வந்தால் கூடும், ரீசெட் அழுத்தினால் 0 ஆகும். கூட்டுவதும் 0 ஆக்குவதும் வெவ்வேறு வேலைகள் என்பதால், எண்ணியில் செய்ததுபோல் வெறும் எண்களை அனுப்ப முடியாது. ஃபங்ஷன்களையே அனுப்புவோம்.

```
ஓட்டம்  = டிக் |> மேப்(மி -> (க -> க + மி))
மீட்டமை = ரீசெட்.கிளிக் |> மேப்(_ -> (க -> 0))

கடந்தது = மெர்ஜ்(மீட்டமை, ஓட்டம், (மீ, ஓ) -> மீ)
  |> அக்கும்(0)
```

இங்கே அக்கும், வரும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் பழைய மதிப்பின் மேல் போட்டுப் புதிய மதிப்பை எடுக்கிறது. ரீசெட்டும் டிக்கும் ஒரே கணத்தில் வந்தால் ரீசெட்டுக்கே முன்னுரிமை. கால்பேக் முறையில் இந்த முடிவை யாரும் எடுப்பதில்லை. எது முதலில் ஓடியதோ அதைப் பொறுத்து எதுவோ நடக்கும். இங்கே அந்த முடிவு ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கிறது. நாளைக்கு அது வேண்டாம் என்றால், மாற்ற வேண்டிய இடமும் அந்த ஒரு வரிதான்.

படி 4: நிற்பதும் மறுபடி ஓடுவதும்

```
கால_அளவு = ஸ்லைடர்.மதிப்பு
ஓடலாமா = லிஃப்ட்(கடந்தது, கால_அளவு, (க, அ) -> க < அ)

ஓட்டம் = டிக்
  |> கேட்(ஓடலாமா)
  |> ஸ்னாப்ஷாட்(கால_அளவு,
       (மி, அ) -> (க -> குறைந்தது(க + மி, அ)))
```

படி 3-இல் எழுதிய ஓட்டத்துக்குப் பதிலாக இந்த ஓட்டம் வருகிறது. லிஃப்ட் பல செல்களை இணைத்து ஒரு புதிய செல் தருகிறது. மூலச் செல்களில் எது மாறினாலும் இதுவும் மாறும். கேட், தனக்குக் கொடுத்த செல் உண்மையாக இருக்கும்போது மட்டும் நிகழ்வுகளை உள்ளே விடும். கடைசி டிக் கால அளவைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குறைந்தது.

சரி, ஸ்லைடரை நகர்த்தினால் டைமர் மறுபடி ஓட வேண்டும் என்ற நிபந்தனைக்கு எங்கே எழுதினோம்? எங்கேயும் தனியாக எழுதவில்லை. கால அளவு கூடினால் ஓடலாமா உண்மையாகிவிடும், கேட் திறந்துவிடும், அடுத்த டிக் உள்ளே வந்துவிடும். "டைமர் நின்றுவிட்டதா" என்று நினைவில் வைக்கத் தனி மாறி இல்லை. அதனால் அதைத் திருத்த மறந்துபோகும் வாய்ப்பும் இல்லை. டிக்கின் எண் முந்தைய டிக்கிலிருந்து கணக்கிடப்படுவதால், பத்து நிமிடம் நின்றிருந்த டைமர் திடீரென்று பத்து நிமிடம் தாவவும் செய்யாது.

இங்கேயும் ஒரு வட்டம் இருக்கிறது: கடந்தது, ஓட்டம், ஓடலாமா, மறுபடி கடந்தது. வட்டத்தின் நடுவே அக்கும் இருப்பதால் படி 2-இல் பார்த்த விதி காப்பாற்றுகிறது. வட்டம் எங்காவது ஒரு இடத்தில் ஹோல்ட் அல்லது அக்கும் வழியாகப் போனால் சரி. முழுக்க லிஃப்ட்களாலேயே ஆன வட்டம் என்றால் அதற்கு விடையே கிடையாது.

படி 5: திரையில் கட்டுவது

```
பட்டை.நிரப்பு  <- லிஃப்ட்(கடந்தது, கால_அளவு,
    (க, அ) -> அ = 0 எனில் 1, இல்லையெனில் குறைந்தது(1, க / அ))
லேபிள்.எழுத்து <- கடந்தது |> மேப்(விநாடியாக_எழுது)
```

முடிந்தது. இப்போது ஒரு இடைநிறுத்தப் பட்டன் வேண்டும் என்று யாராவது கேட்கிறார்கள் என்று வையுங்கள்.

```
நிறுத்தியதா = நிறுத்து.கிளிக் |> மேப்(_ -> (ந -> இல்லை ந)) |> அக்கும்(பொய்)
ஓடலாமா = லிஃப்ட்(கடந்தது, கால_அளவு, நிறுத்தியதா,
    (க, அ, ந) -> க < அ மற்றும் இல்லை ந)
```

ஒரு வரையறை புதிதாக வந்தது, ஒரு வரையறை விரிந்தது. மற்ற எதையும் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை.

கிளிட்ச்: தெரிந்தே ஆக வேண்டிய ஒரு சிக்கல்

மீதம் = கால_அளவு - கடந்தது என்று ஒரு செல், முடிந்ததா = கடந்தது >= கால_அளவு என்று இன்னொன்று, இரண்டையும் லிஃப்ட் செய்து செய்தி என்ற மூன்றாவது என்று வையுங்கள். கடந்தது ஒருமுறை மாறினால் செய்திக்கு இரண்டு வழிகளில் தகவல் வருகிறது. லைப்ரரி கவனமில்லாமல் எழுதப்பட்டிருந்தால், புதிய மீதத்தையும் பழைய முடிந்ததாவையும் வைத்து ஒருமுறை கணக்கிட்டு, "இன்னும் 0 விநாடி உள்ளது" என்று ஒரு நொடி காட்டிவிட்டு, அப்புறம் "முடிந்தது" என்று மாற்றும். இதைத்தான் கிளிட்ச் என்கிறார்கள். திரையில் ஒரு மின்னல்போல் தெரிந்து மறைந்தால் பரவாயில்லை என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பொய்யான நிலையை வைத்து சர்வருக்கு ஒரு கோரிக்கை போய்விட்டால் பாதிப்பு நிஜமானது.

சோடியம், ரிஃப்ளெக்ஸ், ரியாக்டிவ்-பனானா போன்ற எஃப்ஆர்பி லைப்ரரிகள், எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற வரிசைப்படி கணக்கிட்டு இதைத் தவிர்க்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸில் (சுருக்கமாக ஆர்எக்ஸ்) லிஃப்ட் போன்ற கருவியான கம்பைன்லேட்டஸ்ட் இதைத் தவிர்ப்பதில்லை. அங்கே ஒரே கணம் என்ற கருத்தே இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக வரும் மதிப்புகள் மட்டுமே. ஆர்எக்ஸ் மிகப் பயனுள்ளது, நானும் அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் இந்த வேறுபாடு தெரியாமல் அதில் இறங்காதீர்கள்.

எழுத்துப் பெட்டிகள் தரும் தொல்லை

ஒரு பெட்டியில் செல்சியஸ் தட்டினால் இன்னொன்றில் ஃபாரன்ஹீட் வர வேண்டும், அங்கே தட்டினால் இங்கே வர வேண்டும். இரண்டு பெட்டிகளின் மதிப்பையும் ஒன்றோடொன்று கட்டினால் மாற்றம் அங்குமிங்கும் துள்ளிக்கொண்டே இருக்கும். பயனர் தட்டியதையும் நிரல் எழுதியதையும் பிரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

```
செ = செல்சியஸ்_பெட்டி.பயனர்_தட்டியவை |> எண்கள்_மட்டும்
ஃபா = ஃபாரன்ஹீட்_பெட்டி.பயனர்_தட்டியவை |> எண்கள்_மட்டும்

ஃபாரன்ஹீட்_பெட்டி.எழுத்து <- செ  |> மேப்(ச -> ச × 9 / 5 + 32)
செல்சியஸ்_பெட்டி.எழுத்து  <- ஃபா |> மேப்(ப -> (ப - 32) × 5 / 9)
```

ஒவ்வொரு பெட்டியும் மற்றதில் மனிதர் தட்டியதை மட்டுமே கேட்கிறது. எண் அல்லாத எதையாவது தட்டினால் வடிகட்டப்பட்டுவிடும், மறுபெட்டி அசையாது.

படி 6: திரை இல்லாமல் சோதிப்பது

கடந்தது என்பது டிக், ரீசெட், கால அளவு (சேர்த்திருந்தால் இடைநிறுத்தம்) ஆகியவற்றை மட்டுமே சார்ந்தது. அதனால் உண்மையான கடிகாரமோ பட்டனோ இல்லாமல் சோதிக்கலாம்.

```
கால_அளவு 250
டிக் 100        -> 100
டிக் 100        -> 200
டிக் 100        -> 250
டிக் 100        -> 250
கால_அளவு 400
டிக் 100        -> 350
ரீசெட்          -> 0
```

ரியாக்டிவ்-பனானாவில் இதற்கென்றே இன்டர்ப்ரெட் என்ற ஃபங்ஷன் உண்டு. நிகழ்வுகளின் பட்டியலைக் கொடுத்தால் விளைவுகளின் பட்டியல் வரும். ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸில் இந்த வேலைக்கு டெஸ்ட்ஷெட்யூலர் இருக்கிறது. மூன்று நிமிட டைமரைச் சோதிக்க மூன்று நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எதில் தொடங்குவது

ஹாஸ்கெல் தெரிந்தவர்களுக்கு ரியாக்டிவ்-பனானா நல்ல தொடக்கம், பிரவுசருக்கு எழுத ரிஃப்ளெக்ஸ். ஜாவா, சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் பக்கம் இருப்பவர்கள் சோடியத்தைப் பாருங்கள். எல்ம் மொழி எஃப்ஆர்பி சிக்னல்களோடு (நேரத்தோடு மாறும் மதிப்புகள்) 2012-இல் வந்தது. ஆனால் 2016-இல் 0.17 பதிப்பில் சிக்னல்களை நீக்கி, எளிய கட்டமைப்புக்கு மாறிவிட்டது. அதனால் பழைய எல்ம் பாடங்களைப் பார்க்கும்போது பதிப்பைக் கவனியுங்கள்.

டைமரில் பட்டன்களும் பட்டையும் கடைசிவரை மாறாமல் இருந்தன. பட்டியலில் வரிசைகள் சேர்ந்துகொண்டும் நீங்கிக்கொண்டும் இருக்கும் திரைகளுக்கு, செல்லுக்குள் செல் வைத்து ஸ்விட்ச் என்ற கருவியால் மாற்ற வேண்டும். எஃப்ஆர்பியில் கடினமான பகுதி அதுதான். நீக்கிய வரிசையின் ஸ்ட்ரீம்களை யாராவது பிடித்துக்கொண்டே இருந்தால் நினைவகம் கசியும். டைமரை முழுவதும் எழுதி, இடைநிறுத்தத்தையும் சேர்த்து, மேலே உள்ள சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் ஸ்விட்சுக்குப் போங்கள்.