குற்ற வழக்கு இருந்தவர் புதிய ஊரில் வேலை தேடுவது எப்படி? கோவை, திருப்பூர் செல்வோருக்கான செய்முறை விளக்கம்

வழக்கு ஒன்றில் சிக்கி மீண்டவர், சொந்த ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருப்பதால், கோவைக்கோ திருப்பூருக்கோ சென்று பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. அங்கே வேலை இருக்கிறது, தகுந்த ஏற்பாட்டோடு போனால் கிடைக்கவும் செய்யும். ஆனால் நீதிமன்றப் பதிவுகளை இன்று எந்த ஊரிலிருந்தும் இணையத்தில் பார்க்க முடியும் என்பதால், வழக்கை மறைப்பதை விட, அது சட்டப்படி எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் துல்லியமாக அறிந்து, கேட்கும்போது அதையே சொல்வதுதான் பாதுகாப்பானது. அதற்கான வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: வழக்கின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

"என் மேல் ஒரு கேஸ் இருந்தது" என்று மட்டும் தெரிந்திருப்பது போதாது. எஃப்.ஐ.ஆர். மட்டும் பதிவானதா, குற்றப்பத்திரிகை தாக்கலானதா, விடுதலையா, தண்டனையா என்பது தெரிய வேண்டும். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்), எஃப்.ஐ.ஆர். எண் அல்லது பெயரைக் கொண்டு தேடினால் வழக்கு நிலை தெரியும். தீர்ப்பு வந்திருந்தால், அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகலை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு அதற்காகவே விடுப்பு எடுத்துத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது பெட்டி கேஸ், அதாவது சிறு குற்ற வழக்கு, விஷயத்தில்தான். குடித்துவிட்டுப் பொது இடத்தில் தகராறு செய்ததாகவோ, பணம் வைத்துச் சீட்டாடியதாகவோ மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தவர், "கேஸ் முடிந்துவிட்டது" என்றே பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருப்பார். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது சட்டப்படி தண்டனை பெற்றதாகும். தண்டிக்கப்பட்டதுண்டா என்று கேட்கும் படிவத்தில் இவர் 'இல்லை' என்று எழுதினால், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே பொய் சொன்னவராகிவிடுவார்.

சில நிலைமைகளுக்குச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. 18 வயதுக்கு முன் நடந்த செயலுக்காகச் சிறார் நீதி முறையில் விசாரிக்கப்பட்டவருக்கு, பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட சில கடுமையான வழக்குகள் நீங்கலாக, 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24 ஆவது பிரிவு தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்கிறது. 1958 ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி (புரொபேஷன்), சிறைக்கு அனுப்பப்படாமல் விடுவிக்கப்பட்டவருக்கும், அதன் 12 ஆவது பிரிவின்படி, தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது. உங்கள் வழக்குக்கு இவை பொருந்துமா என்பதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

படி 2: வழக்கு நிலுவையில் இருந்தால் வாய்தாவுக்கு வழி செய்யுங்கள்

ஜாமீன் நிபந்தனையாகக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவர், நிபந்தனையைத் தளர்த்த மனு செய்து உத்தரவு பெறாமல் ஊர் மாறக் கூடாது. வாய்தாவுக்கு வர முடியாத நாளில், நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கும் மனுவை அன்றே தாக்கல் செய்ய வேண்டும். பழைய சட்டப் பிரிவின் எண்ணை வைத்து வழக்கறிஞர்கள் இன்னமும் இதை '317 பெட்டிஷன்' என்றே அழைக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) அது 355 ஆவது பிரிவு. மனுவும் இல்லாமல் ஆளும் இல்லாமல் போனால் பிடிவாரண்ட் பிறக்கும், அதன்பின் கிடைத்த வேலையும் நிலைக்காது.

படி 3: காவல் சரிபார்ப்பை நீங்களே முதலில் எடுத்துப் பாருங்கள்

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில், தனிநபர் தமக்காகவே கட்டணம் செலுத்திச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். நிறுவனம் பார்க்கப்போவது என்ன என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். விடுதலையான வழக்கு நிலுவை என்றே காட்டப்பட்டால், தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு சம்பந்தப்பட்ட காவல் நிலையத்திலும், மாவட்டக் கண்காணிப்பாளர் அல்லது மாநகர ஆணையர் அலுவலகத்திலும் எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எந்த வேலைக்குப் போவது என்று முடிவு செய்யுங்கள்

காவலாளி வேலை, பள்ளி வாகனம் ஓட்டுவது, செயலி வழி டாக்சி போன்றவற்றில் முன்வரலாற்றைச் சரிபார்ப்பது கட்டாயம். காவல்துறைப் பணிக்கான தமிழ்நாட்டு விதிகளோ, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகின்றன. முதல் வேலையை இவற்றில் தேடிக் காலத்தை இழக்க வேண்டாம்.

கோவையின் லேத் பட்டறைகள், ஃபவுண்டரிகள், திருப்பூரின் பனியன் கம்பெனிகள் ஆகியவற்றில் கைத்திறனுக்கே முதலிடம். திருப்பூரில் 'டெய்லர், செக்கிங், கைமடி (தையல்காரருக்குத் துணையாகத் துணியை மடித்துக் கொடுப்பவர்) ஆட்கள் தேவை' என்ற பலகைகளைத் தெருவுக்குத் தெரு காணலாம். சனிக்கிழமை தோறும் சம்பளம் கொடுக்கும் வழக்கம் இருப்பதால், கையில் பணமில்லாமல் வந்தவருக்கும் அது தாங்கும். தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் பதிவு செய்வது இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களில், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், நடக்கும் முகாம்களுக்கும் செல்லுங்கள். வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

படி 5: படிவத்தின் கேள்வியை இரண்டு முறை படித்துப் பதில் எழுதுங்கள்

கேள்விகள் மூன்று விதமாக வரும். 'எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?' என்பது ஒன்று, 'வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா?' என்பது இன்னொன்று, 'தண்டிக்கப்பட்டதுண்டா?' என்பது மூன்றாவது. கைதாகிப் பின் விடுதலையானவர் முதல் கேள்விக்கு 'ஆம்' என்றும், மற்ற இரண்டுக்கும் 'இல்லை' என்றும் எழுதுவதே சரியான விடை.

2016 இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு வகுத்த நெறிகள் இங்கே மிகவும் பயன்படும். கைது, நிலுவை வழக்கு, தண்டனை பற்றித் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். குறிப்பாகக் கேட்கப்பட்ட தகவலைச் சொல்லாததையே மறைத்தல் என்று கொள்ள முடியும். அற்ப வழக்கை மறைத்திருந்தாலும் அதன் தன்மையைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளலாம். அதே வேளையில், உண்மையைச் சொன்னவரையும் எடுத்தே தீர வேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. அரசுப் பணிகள் தொடர்பாகச் சொல்லப்பட்டவை என்றாலும், தனியார் படிவத்தை நிரப்பும்போதும் இவற்றையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. கேட்காததை வலியப் போய் எழுத வேண்டாம், கேட்டதைப் பூசி மெழுகவும் வேண்டாம்.

படி 6: நேரில் கேட்டால் சொல்ல வேண்டியதைத் தயார் செய்யுங்கள்

நீண்ட கதை வேண்டாம். "ஐயா, 2019 இல் ஊரில் நடந்த ஒரு அடிதடியில் என் மீது வழக்குப் பதிவானது. 2022 இல் நீதிமன்றம் விடுதலை செய்தது, தீர்ப்பு நகல் இதோ இருக்கிறது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் பட்டறையில் வேலை பார்த்தேன், அந்த முதலாளியிடம் நீங்கள் விசாரிக்கலாம்" என்ற அளவு போதும். தண்டனை பெற்றவராக இருந்தால், தண்டனை முடிந்த தேதியையும் அதன்பின் செய்த வேலையையும் இதே அமைதியோடு சொல்லுங்கள். எதிராளியையோ காவல்துறையையோ குறை கூறத் தொடங்கினால் பேச்சு வழக்கின் பக்கம் திரும்பிவிடும், வேலை பின்னுக்குப் போய்விடும். சிறையிலிருந்து வருபவர் அங்கே கற்ற தையல், நெசவு, பேக்கரி வேலைக்குச் சான்றிதழ் இருந்தால் அதையும் காட்டலாம். மாவட்ட நன்னடத்தை அலுவலரும் விடுதலையான சிறைவாசிகளுக்கான உதவிச் சங்கமும் இத்தகையோருக்கு வழிகாட்டக் கூடியவர்கள்.

படி 7: வேலையில் சேர்ந்ததும் பதிவுகளை உண்டாக்குங்கள்

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று கேட்டு, பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். வேலையை விட்டு விலகும்போது அனுபவச் சான்று வாங்காமல் வராதீர்கள். அடுத்து நீங்கள் போகும் நிறுவனம் உங்களிடம் முதலில் கேட்கப்போவது இந்தத் தாள்களைத்தான்.