பச்சைப் பூ ஆசையில் செய்யும் தவறுகள்

போன வாரம் ஏற்காடு அடிவாரத்தில் இருக்கும் என் நர்சரிக்கு ஒரு கல்லூரிப் பையன் வந்தான். கையில் ஈரத்துணி சுற்றிய நாலு கிளை. “அண்ணா, பச்சை நித்தியகல்யாணி. எங்க தெருவுலயே கிடைச்சுது. நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க.”

பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே பூரிப்போடு அதே கிளையை ஒடித்து வந்தவன் நான்.

தண்ணீர், உரம், தொட்டி அளவு பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோயைப் புது ரகம் என்று நம்புவது

பச்சை ரோஜா என்று ஒன்று நிஜமாகவே உண்டு. அதற்கு இதழே கிடையாது, பூவாகத் தெரிவதெல்லாம் புல்லிகள், அதாவது மொட்டை மூடியிருக்கும் பச்சை மடல்கள். அது நோய் இல்லை, அந்த ரகத்தின் இயல்பு. அதைப் படத்தில் பார்த்திருந்ததால், நித்தியகல்யாணியிலும் அப்படி ஒன்று வந்துவிட்டது என்று நினைத்தேன். நாற்பது பையில் கிளை நட்டேன். அதையும் கொண்டுபோய் வைத்தது, ஒரு வீட்டு வாசலுக்காக ஆர்டர் எடுத்து வளர்த்த வெள்ளை, ரோஸ் செடிகளுக்குப் பக்கத்தில்.

இரண்டு மாதத்தில் அந்தச் செடிகளிலும் பூ சிறுத்தது, அப்புறம் பச்சையானது. காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி. செடியின் சாறு ஓடும் குழாயில் குடியிருந்து, இதழாக வேண்டியதை இலையாக்கிவிடும். தத்துப்பூச்சி சாறு உறிஞ்சும்போது அடுத்த செடிக்கும் கொண்டுபோகும். நோயுள்ள கிளையை நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம். கடையில் கொடுத்த மருந்தை அடித்தேன். பூச்சி குறைந்தது, செடி தேறவில்லை. இருநூறு செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

பணம் போனதைவிட எரிச்சல் வேறு. எள்ளில் இதே கூத்தைத்தான் பச்சைப்பூ நோய் என்கிறோம். காய் பிடிக்க வேண்டிய இடத்தில் குட்டிக் குட்டி இலையாகக் கொத்து நிற்கும். எள்ளுக் காட்டிலேயே வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை!

பையனின் கிளையை வெயிலில் பிடித்துக் காட்டினேன். இலை சிறுத்து மஞ்சளோடி இருந்தது. கணுவுக்குக் கணு துளிர் வெடித்து விளக்குமாறு மாதிரி நின்றது. இதழில் இலை நரம்பு ஓடியது. ஒரு கிளையில் மட்டும் இன்னும் பாதி ரோஸ். நல்ல பச்சை ரகம் இப்படி இருக்காது. ‘என்வி’ என்ற பச்சைப் பூ ஜின்னியாவை விதை போட்டு வளர்த்தால் இலை திடமாக இருக்கும், பூவும் பூவாகவே வரும். நோய் வந்த செடியில் அந்த ஒரு கிளையை மட்டும் நறுக்கிப் பயனில்லை. வேரோடு எடுத்து எரிக்க வேண்டும். பையன் முகம் சுருங்கிப்போனது. ஜின்னியா விதை ஒரு பாக்கெட் கொடுத்தனுப்பினேன்.

ஜின்னியாவை மொட்டை வெயிலில் வைப்பது

சேலத்து மதிய வெயிலில் பச்சை வெளுத்துவிடும். பிற்பகல் நிழல் கொடுங்கள்.

பச்சைக்குப் பின்னால் பச்சை

பச்சை ஆந்தூரியத்தைப் பெரணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு ‘எடுப்பாகவே இல்லையே’ என்பார்கள். எப்படி இருக்கும்? வெள்ளைச் சுவர் முன்னாலோ கருஞ்சிவப்பு இலையுள்ள கோலியஸ் செடி பக்கத்திலோ வைத்துப் பாருங்கள். மல்லிக்கு நடுவே மரிக்கொழுந்து வைத்துக் கட்டும் பூக்கார அம்மாவுக்கு இது கைப்பழக்கம். மல்லி அத்தனை வெள்ளையாகத் தெரிவதே அந்தப் பச்சையால்தான்.

ஏற்காட்டு ஹைட்ராஞ்சியாவைச் சேலத்துக்கு இறக்குவது

வேண்டாம். அது குளிருக்குப் பழகிய செடி. அங்கே 1500 மீட்டர் உயரம், இங்கே 300கூட இல்லை. தவிர, நீங்கள் மயங்கிய அந்தப் பச்சை பல சமயம் முற்றிப்போன நீலப் பூதான்.

மனோரஞ்சிதத்தைப் பச்சையில் பறிப்பது

மணமே இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். மஞ்சளாகும்வரை செடியிலேயே விடுங்கள்.