சீனிக் பைவே சாலைகளை வரைபடத்தில் குறித்துவைப்பது எப்படி?

அமெரிக்காவில் 1991-இல் தேசிய சீனிக் பைவே (சிறப்புமிக்க பயணச் சாலை) திட்டம் தொடங்கியது. காட்சியழகு, இயற்கை, வரலாறு, பண்பாடு, தொல்லியல், பொழுதுபோக்கு ஆகிய ஆறில் ஒன்றிலாவது சிறந்த சாலைக்குத்தான் இந்தத் தகுதி கிடைக்கும். இவற்றில் ஓட்டிய தூரத்தையெல்லாம் வரைபடத்தில் குறித்துவருவது நல்ல பொழுதுபோக்கு. செலவும் அதிகமில்லை.

1. ஒரே ஒரு சாலையோடு தொடங்குங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது புளூ ரிட்ஜ் பார்க்வே. 469 மைல். வர்ஜீனியாவின் ராக்ஃபிஷ் கேப்பில் 0 என்று தொடங்கி வழியெங்கும் மைல்கல் இருப்பதால், எங்கே விட்டோம் என்ற குழப்பமே வராது. பனிக்காலத்தில் சில பகுதிகளை மூடிவிடுவார்கள். தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

2. திட்டக்கோடு, அதாவது போக நினைக்கும் வழியைக் காட்டும் கோடு, வரையுங்கள். பலரும் சறுக்கும் இடம் இதுதான். நமக்கென்று வரைபடம் உருவாக்க உதவும் கூகுள் மை மேப்ஸில் ராக்ஃபிஷ் கேப், ரோனோக் நகரம் என்று இரண்டு முனைகளை மட்டும் கொடுத்தால், அது சீக்கிரம் போகும் இன்டர்ஸ்டேட் 81 நெடுஞ்சாலையைத்தான் காட்டும். அதற்கு அழகு தெரியாது, நேரம்தான் தெரியும். கோட்டைப் பிடித்து பார்க்வேயின் மேல் இழுத்து விடுங்கள். 86-ஆம் மைல் அருகே உள்ள பீக்ஸ் ஆஃப் ஆட்டர் மலைப்பகுதியை இடைப்புள்ளியாக வையுங்கள். புள்ளி சாலையின் மேலேயே விழ வேண்டும். பக்கத்து வாகன நிறுத்தத்தில் விழுந்தால், வழி உள்ளே போய்த் திரும்பி வரும்.

3. ஓட்டும்போது பதிவு செய்யுங்கள். ஆஸ்மண்ட் போன்ற செயலி போதும். பார்க்வேயின் உச்ச வேகம் மணிக்கு 45 மைல், அதாவது நொடிக்கு 20 மீட்டர். செயலி 5 நொடிக்கு ஒருமுறை இருக்கும் இடத்தை ஒரு புள்ளியாகப் பதிந்தால், புள்ளிகளுக்கு இடையே 100 மீட்டர் இடைவெளி. வளைவுகள் வெட்டுப்பட்டுத் தெரியும். 2 நொடி வையுங்கள். அப்புறம், போனின் பேட்டரி சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் பதிவு நின்றுபோகலாம்.

4. திட்டக்கோட்டையும் ஓட்டிய கோட்டையும் கலக்காதீர்கள். செயலி பதிந்த வழியை ஜிபிஎக்ஸ் (வழிப்பதிவுக் கோப்பு வடிவம்) கோப்பாக எடுத்து மை மேப்ஸில் ஏற்றுங்கள். திட்டக்கோடு சாம்பல், ஓட்டிய கோடு பச்சை. பாதியில் திரும்பினால் பாதிதான் பச்சை; இதில் நான் கறார். ஒரு வரைபடத்தில் 10 அடுக்குகள் (லேயர்) தான் கிடைக்கும் என்பதால் சாலைக்கு ஒன்று வேண்டாம், மாநிலத்துக்கு ஒன்று போதும்.

கோப்பின் பெயரில் தேதி, சாலை, போன திசை மூன்றும் இருக்கட்டும். மூலக் கோப்பை வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.