மறுபடியும் மெம்பருக்கு நிற்பது எப்படி: பேரூராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒரு செய்முறை விளக்கம்

என் சித்தி 2006-ல் எங்கள் பேரூராட்சியில் வார்டு மெம்பராக ஜெயித்தார். 2011-ல் மறுபடி நின்றார், 9 ஓட்டில் தோற்றார். அந்த 9 ஓட்டு எங்கே போனது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குளத்தங்கரை முடுக்கில் (சந்தில்) ஐந்து வீடு. முதல் தடவை ஓட்டுக் கேட்கப் போனபோது ஓடைமேல் ஒரு சின்னப் பாலம் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பாலம் வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. சொன்னதைச் செய்ய முடியவில்லையே என்ற கூச்சத்தில் ஐந்து வருஷமும் அந்த முடுக்கில் கால் வைக்காமல் சுற்றியே போய்வந்தார்.

2022-ல் என் மைனி (அண்ணி) அதே ஊரில் வேறொரு வார்டில் ஜெயித்தார். இப்போது மறுபடி நிற்கத் தயாராகிறார். இந்த மூன்று தேர்தலிலும் மனு நிரப்புவது, கணக்கு எழுதுவது, பூத் ஏஜென்ட்டாக உட்காருவது எல்லாம் என் வேலை. 2022-ல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 51 பேரூராட்சி, 4 நகராட்சி, ஒரு மாநகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. அத்தனை மெம்பர்களில் முதல் தடவை ஜெயித்தவர்கள் நிறைய. அவர்களில் மறுபடி நிற்க யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: வார்டு இன்னும் உங்களுடையதுதானா?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். நீங்கள் ஜெயித்த வார்டு அடுத்த தடவை பெண்களுக்கோ பட்டியல் இனத்தவருக்கோ ஒதுக்கப்படலாம். ஒதுக்கீடு இருந்தது பொதுவாகவும் மாறலாம். பெண்களுக்குப் பாதி இடம் என்பது 2016-ல் வந்த சட்டம். எல்லையும் மாறும். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது, கொல்லங்கோடும் ஏழுதேசமும் சேர்ந்து 2021-ல் நகராட்சி ஆனது. அந்தப் பக்கத்துப் பழைய மெம்பர்களைக் கேட்டால் வார்டு எப்படிக் காணாமல் போகும் என்று சொல்வார்கள். அரசிதழ் அறிவிப்பு வந்ததும் பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு நகல் வாங்கிவிடுங்கள். டீக்கடையில் கேட்டதை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

வார்டு கைவிட்டுப் போனால் பக்கத்து வார்டில் நிற்கலாம். உங்கள் பெயர் அதே பேரூராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும். முன்மொழிபவர்தான் நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். பெண்கள் வார்டு ஆகிவிட்டதென்று வீட்டுக்காரியைப் பெயருக்கு நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குத் தான் போய் உட்காரும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு இந்த விளக்கம் உதவாது.

காலக் கணக்கு: கடைசியாகப் பதவியேற்றது 2022 மார்ச் 2. ஐந்து வருஷம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. தேதியை மாநிலத் தேர்தல் ஆணையம் அறிவிக்கும்வரை போஸ்டர் அடிக்காதீர்கள். 2016 அக்டோபரில் மனு தாக்கல் முடிந்த கையோடு உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. அப்புறம் 2022 வரை மெம்பர்கள் இல்லாமல் தனி அலுவலர் ஆட்சிதான். அப்போது அடித்த நோட்டீஸ் கட்டு ஒன்று இன்னும் எங்கள் பரணில் கிடக்கிறது.

படி 2: ஒரு நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். நாலு கட்டம் கீறுங்கள்: வீடு, கேட்டது, என்ன ஆச்சு, ஆதாரம். ஐந்து வருஷத்தில் உங்களிடம் வந்த கோரிக்கைகளை நினைவுக்கு வந்த வரிசையிலேயே எழுதுங்கள். தெருவிளக்கு, ஓடை, காங்கிரீட் ரோடு, இன்டர்லாக் கல், குடிவெள்ளம், குப்பை வண்டி எல்லாம் வரும். பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டும் வரும். இவை பேரூராட்சி வேலை இல்லை. ஆனாலும் எழுதுங்கள், ஏனென்றால் கேட்டவர் உங்களிடம்தானே கேட்டார்.

ஆதாரக் கட்டம்தான் முக்கியம். எந்தக் கூட்டத்தில் பேசினீர்கள், தீர்மான எண் என்ன, எந்த நிதியில் வேலை நடந்தது என்று அதில் எழுத வேண்டும். தீர்மானப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கும். நீங்கள் மெம்பர், செயல் அலுவலரிடம் நேராகவே கேட்கலாம். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். தன் வார்டு வேலைப் பட்டியலுக்கு மெம்பரே தகவல் உரிமை மனு போடுவது வேடிக்கைதான். நாங்கள் போட்டோம்.

மைனியின் நோட்டில் மொத்தம் 64 வரி வந்தது. நடந்தது 37. நடக்காதது 27.

படி 3: நடக்காத 27-ல் இருந்து தொடங்குங்கள்

இங்கேதான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். போட்ட ரோட்டைப் படம் பிடித்து, பெரிய நோட்டீஸ் அடித்து, ரோடு கிடைத்த வீட்டுக்கே முதலில் போகிறார்கள். ரோடு போட்டது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாதா? தினமும் அதில்தானே நடக்கிறார். எங்கள் வார்டில் ஏறக்குறைய 800 ஓட்டு. இவ்வளவு சின்ன இடத்தில் தோற்பது பத்து இருபது ஓட்டில்தான். அந்தப் பத்து இருபதும் நடக்காத வேலைப் பட்டியலில்தான் உட்கார்ந்திருக்கும்.

தேர்தல் அறிவிப்பு வருவதற்கு ஆறு மாசம் முன்பே, வாரத்துக்கு இரண்டு வீடு என்று போங்கள். கூட்டமாகப் போகாதீர்கள், கட்சித் துண்டு வேண்டாம். தீர்மான நகலை மட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சானல் (கால்வாய்) கரையில் ஒரு அம்மச்சி வீடு. அவர் கேட்டது வீட்டுக்கு முன்னால் பக்கச்சுவர். மழைக்கு மண் இடிந்து சானலுக்குள் போகிறது. மைனியும் நானும் போனபோது அம்மச்சி முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

“நாலு வருசமா கேக்கேன். இப்பமாவது வழி தெரிஞ்சுதே மக்ளே.”

“அம்மச்சி, கூட்டத்துல மூணு தடவை கேட்டாச்சு. சானல் நம்ம பஞ்சாயத்து இல்ல, நீர்வளத்துறை. அவங்க எழுத்தா அனுமதி தராம நம்ம ஒரு கல்லு வைக்க முடியாது. இந்தா, அனுப்புன கடுதாசி.”

அம்மச்சிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். தாளை வாங்கி, கண்ணாடி தேடி, தன் பேர் இருந்த வரிக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார். “எம் பேரு போட்டுருக்கு” என்றார். அப்புறம் கட்டன்சாயா வந்தது. ஓட்டுப் போடுவதாக அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திரும்பும்போது, பக்கத்து வீட்டில் விளக்கு எரியவில்லை, அதையும் எழுதிக்கோ என்றார்.

இப்படிப் போகும்போது மூன்று விதமான பதில் கையில் இருக்க வேண்டும். வேறு துறையின் வேலை என்றால் துறையின் பெயரைச் சொல்லிக் கடிதத்தைக் காட்டுங்கள். காசு இல்லாமல் நின்ற வேலை என்றால் எந்த நிதி கேட்டோம், எவ்வளவு வந்தது என்று சொல்லுங்கள். நீங்கள் மறந்துபோன வேலை என்றால் மறந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். எங்கள் 27-ல் மறந்தது மட்டும் 6 இருந்தது. கான்ட்ராக்ட் எடுத்தவர் ஓடையைப் பாதியில் விட்டுப் போன கதையும் ஒன்று உண்டு. அவர்மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்த்தோம். “விட்டுப் போனது அவரு, கேக்காம இருந்தது யாரு?” என்று அந்த வீட்டு அண்ணன் ஒரே வரியில் மடக்கிவிட்டார்.

மெம்பருக்கு என்னமோ அள்ளிக் கொடுக்கிறார்கள் என்ற நினைப்பும் பல வீட்டில் இருக்கும். பேரூராட்சி உறுப்பினருக்கு மாசம் 2,500 ரூபாய் மதிப்பூதியம், அதுவும் 2023 ஜூலையில் இருந்துதான். கேட்டால் சொல்லுங்கள். கேட்காமல் சொன்னால் புலம்பலாகத் தெரியும்.

வீட்டுக்குப் போகும் நேரமும் பார்க்க வேண்டும். மேற்குப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள், முற்பகலில்தான் திரும்புவார்கள். கடலோரத்தில் ஞாயிறு காலை பூசை முடியாமல் யாரும் பேச நிற்கமாட்டார்கள். மகன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் முடிவு பல நேரம் போனில்தான் நடக்கும். அவர் வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது நீங்கள் வந்துபோன விஷயமும் போய்ச் சேரும்.

படி 4: வரிக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்

“வீட்டு வரியை ஏத்துனது நீங்கதானே?” என்று கேட்பார்கள். 2022 ஏப்ரலில், நீங்கள் பதவியேற்று ஒரு மாசம்கூட ஆகாத நேரத்தில், அரசு சொத்து வரிச் சீராய்வை அறிவித்தது. நம் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடிவரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்ந்தது. வரியைச் சீர்செய்தால்தான் ஒன்றிய அரசின் 15-வது நிதிக்குழு மானியம் என்ற நிபந்தனை அதற்குப் பின்னால் இருந்தது. இதைச் சொல்லலாம். ஆனால் மன்றத் தீர்மானத்தில் நம் கையெழுத்தும் இருந்தால் அதை மறைக்காதீர்கள். எதிரணி நகல் எடுத்து வைத்திருக்கும்.

படி 5: கட்சியா, சுயேச்சையா

இதில் நான் சொல்ல அதிகம் இல்லை. கட்சி என்றால் சீட்டு உறுதியாகும்வரை வாயைத் திறக்காதீர்கள். சுயேச்சை என்றால், போன தடவை ஜெயித்த சின்னம் உங்களுக்கென்று எழுதிவைக்கப்பட்டது கிடையாது. வேறு ஒருவரும் கேட்டால் குலுக்கல்தான். பழைய சின்னத்தை நம்பி முன்கூட்டியே எதையும் அச்சடிக்க வேண்டாம்.

படி 6: மனு

வயது 21 முடிந்திருக்க வேண்டும். டெபாசிட் 2022-ல் பேரூராட்சிக்கு 1,000, நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000 ரூபாயாக இருந்தது. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. ஒதுக்கீட்டு வார்டு என்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும். சொத்து, கடன், வழக்கு விவரங்களுக்கு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும்.

பழைய மெம்பர்கள் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, வரி பாக்கி. ஊருக்கெல்லாம் வரி கட்டச் சொல்லிவிட்டுத் தன் பேரில் உள்ள கடைக்கட்டடத்தின் வரியை மறந்திருப்பார்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி மூன்றையும் முன்கூட்டியே கட்டி ரசீது வாங்குங்கள். இரண்டு, பேரூராட்சி வேலையில் கான்ட்ராக்ட் தொடர்பு. உங்களுக்கு அதில் பங்கு இருந்தால் தகுதியே போய்விடும். மைத்துனன் பேரில் எடுத்தேன், எனக்கென்ன என்று பேசுகிறவர்கள் உண்டு. பரிசீலனை மேஜையில் அது எடுபட்டாலும் தெருவில் எடுபடாது.

கடைசி நாள் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். மனுவில் திருத்தம் சொன்னால் வீட்டுக்கு ஓடிவர நேரம் வேண்டும். 2022-ல் ஜனவரி 28-ல் மனு தொடங்கியது, பிப்ரவரி 4 கடைசி, 5 பரிசீலனை, 7 வாபஸ்.

தேர்தல் அறிவிப்பு வந்த நிமிஷத்தில் இருந்து நடத்தை விதிமுறை உண்டு. புது வேலை தொடங்கக் கூடாது. அவசரமாக ஒரு லோடு ஜல்லி இறக்கி வைத்தாலும் புகார் போகும். கோயில், சபை, பள்ளிவாசலுக்குள் ஓட்டுக் கேட்கவும் கூடாது.

படி 7: பத்து நாள்

2022-ல் வாபஸ் முடிந்த பிப்ரவரி 7 சாயங்காலத்தில் இருந்து 17 சாயங்காலம்வரை, பத்தே நாள்தான் பிரசாரம். மூன்றாம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் அது போதும். நோட்டீஸ் ஒரே தாள்: முன்பக்கம் செய்தவை, பின்பக்கம் செய்யாதவை, காரணத்தோடு. பின்பக்கம் வேண்டாம் என்று எங்கள் வீட்டிலேயே சண்டை நடந்துகொண்டிருக்கிறது. நான் வேண்டும் என்கிற கட்சி.

வாக்காளர் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் பெயர் விட்டுப்போனவர்கள் உங்கள் வார்டிலும் இருக்கலாம். சேர்க்கக் காலம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 2022-ல் பேரூராட்சி வார்டுக்கு 17,000 ரூபாய். ஆட்டோ, மைக், நோட்டீஸ், கூட வருகிறவர்களின் சாயா, எல்லாவற்றுக்கும் பில் வாங்கி அன்றன்றைக்கே எழுதுங்கள்.

படி 8: ஓட்டு நாளும் அதற்குப் பிறகும்

பூத் ஏஜென்ட்டாக வார்டில் எல்லோரையும் முகம் பார்த்துத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். படித்த வெளியூர்ப் பையன் வேண்டாம். எண்ணும்போது சின்ன வார்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், நேரத்துக்குப் போங்கள். இருவருக்கும் சமமாக வந்தால் குலுக்கல் எடுப்பார்கள்.

ஜெயித்தாலும் தோற்றாலும் 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த தேர்தலில் நிற்கத் தடை வரலாம். பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும், அதற்கு அசல் ரசீது வேண்டும். 2011-ல் தோற்ற துக்கத்தில் சித்தி அந்த ரசீதை எங்கோ வைத்துவிட்டார். பல மாசம் கழித்து அரிசிப் பானைக்கு அடியில் கிடைத்தது, பாலம் கேட்ட முடுக்குக்காரர்கள் எழுதிக் கொடுத்த மனுவோடு சேர்த்து மடித்து.