சினை மாட்டுக்கு வைட்டமின்: எப்போது, எவ்வளவு, எப்படி?

கன்று போட்ட மூன்றாம் நாள் மடிநோய் வந்து, மடி கல்லாட்டம் இறுகி, பால் திரிந்து வந்த பிறகு டானிக் பாட்டிலோடு ஓடுவதை எங்கள் வீட்டிலும் செய்திருக்கிறோம். வீண் செலவு. மடிக்குள் நுழையும் கிருமியை விழுங்கிக் கொல்வது நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு. கிருமிமேல் அது கக்கும் ரசாயனம் அந்த அணுவையே பொசுக்கிவிடாமல் காப்பவை வைட்டமின் ஈ-யும் செலினியம் என்கிற தாதுச்சத்தும். ஈற்றை ஒட்டி ரத்தத்தில் வைட்டமின் ஏ, ஈ இரண்டுமே இறங்கிவிடும், ஒரு பங்கு சீம்பாலுக்குப் போய்விடும். அதனால் ஈற்றுக்கு 60 நாள் முன்பு, பாலை வற்றவிடும் அன்றே தொடங்குங்கள்.

படி 1: தீவனத் தொட்டியைப் பாருங்கள். தினமும் 15, 20 கிலோ பச்சைப்புல் விழுகிறதா? அப்படியென்றால் பெரும்பங்கு வேலை முடிந்தது. வெயிலில் காய்ந்து வெளுத்த வைக்கோலில் வயிறுதான் நிறையும், இந்த இரண்டு வைட்டமினும் அதில் இல்லாத மாதிரிதான். சித்திரை வைகாசியில் ஈனும் மாடுகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

படி 2: எடை. தராசு வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பின்புட்ட எலும்பு முனை வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 68, நீளம் 58 என்றால் சுமார் 406 கிலோ.

படி 3: அளவு. பச்சையே இல்லாத வற்றுக்கால மாட்டுக்கு, கிலோ எடைக்கு தினம் ஈ 1.6 யூனிட் (IU), ஏ 110 யூனிட். நம் 406 கிலோ மாட்டுக்கு ஈ 650, ஏ ஏறக்குறைய 45,000. தாது உப்புக் கலவை என்றாலே வைட்டமினும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், பையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பி, சி வைட்டமினுக்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம். பி-யை அசையூண் வயிற்று நுண்ணுயிரிகளும் சி-யை ஈரலும் தயாரித்துக்கொள்ளும்.

படி 4: வைட்டமின் பொடியை முதலில் ஒரு கைப்பிடி தவிட்டில் பிசிறி, அப்புறம் மொத்தத் தீவனத்தில் கலக்குங்கள். நேராகக் கொட்டினால் ஓரிடத்திலேயே தங்கிவிடும். கொதிக்கிற கஞ்சியில் போடாதீர்கள்.

சரி, கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலமா? இல்லை. நெதர்லாந்துப் பண்ணைகளில் வற்றுக்காலத்தில் தினம் 3,000 யூனிட் ஈ கொடுத்துப் பார்த்தார்கள், 2010-இல் வந்த முடிவில் மடிநோய் கூடித்தான் இருந்தது! செலினியம் இன்னும் மோசம், கொஞ்சம் மிஞ்சினாலே நஞ்சு. பொடி கொடுக்கும்போதே ஊசியும் போடுவதாக இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

படி 5: கன்று. நஞ்சுக்கொடி வழியாக இந்த வைட்டமின்கள் கன்றுக்கு மிகக் கொஞ்சமே போகும், பாக்கியெல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. கொடி விழட்டும் என்று காத்திருக்காமல், பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலைக் குடிக்க விடுங்கள்.